கைநடுக்கமும் ஒரு புதுக் கெமராவும்

பதினோரு வருடம் என்னோடு ஓடிய கெமரா, லிந்துலையில் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. பொத்தானை அழுத்துகிறேன், உள்ளே ஏதோ உரசுகிறது, படம் விழவில்லை. நல்ல வேளையாகப் பையில் ஒரு சின்னக் கெமரா இருந்தது. அதைக் கொண்டு அன்றைய வேலையை ஒப்பேற்றினேன். அடுத்த வாரம் ஹட்டனில் ரிப்பேர் செய்பவரிடம் காட்டியபோது, இதற்கு இனிச் சாமான் வராது என்று கையை விரித்துவிட்டார்.

நான் தலவாக்கலையில் இருக்கிறேன். படம் எடுப்பதுதான் தொழில். கல்யாணம், திருவிழா, பிறந்தநாள் எல்லாம் எடுத்தாலும், என்னை அதிகமாகக் கூப்பிடுவது பெண்பிள்ளைகளின் சடங்குக்கு. தண்ணீர் ஊற்றுகிற இடத்துக்கும் சேலை கட்டுகிற அறைக்கும் ஆண்கள் வர முடியாதே. டயகம தோட்டத்தில் ஒரு வீட்டில் எடுத்தால் அந்த லயத்து வீட்டு வரிசை முழுவதும் என் போன் நம்பர் போய்விடும். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். தூரத்துத் தோட்டங்களில் வேலை என்றால் அவரே கொண்டுபோய் விட்டு, முடியும்வரை வெளியே உட்கார்ந்திருப்பார்.

புதுக் கெமரா வாங்க ஹட்டன் பஜாருக்குப் போனேன். மூன்று தலைமுறையாக அங்கே கடை வைத்திருக்கும் குடும்பம் அது. இப்போதைய மொதலாளியின் காலத்தில்தான் ஜவுளிக் கடையின் பாதி கெமராக் கடையானது. நான் படம் அச்சடிக்கக் கொடுப்பதும் அங்கேதான். அவர் இரண்டு பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இது போன மொடல். இது புதுசு. பக்கத்துல பக்கத்துல வச்சா எனக்கே எது எதுன்னு தெரியாது."

"வெலை மட்டும் இவ்வளவு வித்தியாசமா இருக்குதுங்களே மொதலாளி?"

"படம் ரெண்டுலயும் ஒண்ணுதான். புதுசுல கை ஆட்டத்த உள்ளுக்குள்ளயே புடிக்கிற மாதிரி ஒண்ணு வச்சிருக்கான். நடந்துகிட்டே வீடியோ எடுக்கிறவங்களுக்கு அது நல்லா ஒதவும். நீங்க போட்டோதானே எடுக்குறீங்க? ஒங்களுக்குப் பழசு போதும். மிச்ச சல்லிக்கி வேற ஏதாச்சும் வாங்கிக்கலாம்."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் வலது கை ஸ்வெட்டர் பைக்குள் போய்விட்டது. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அதுவாகவே போயிற்று.

எனக்குக் கை நடுங்கும். நாலு வருடங்களுக்கு முன்பு ஒரு நாள் கோப்பையைச் சாசரில் வைக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்டது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். மார்ச் மாத வெயிலிலும் அந்தச் சத்தம் வந்தபோதுதான் நுவரெலியாவுக்குப் போய் டொக்டரைப் பார்த்தேன். அவர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார், காகிதத்தில் ஒரு வட்டம் வரையச் சொன்னார். பிறகு, இது சிலருக்கு வருவதுதான், ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் முழுதாகப் போகாது, தேத்தண்ணியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். சுற்றிலும் தேயிலையாக இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் அதைச் சொன்னதற்கு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விஷயம் என் கணவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களிடம் சொல்லவில்லை. கை நடுங்குகிற படக்காரியை யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள்? நானாகச் சில வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொள்வேன். கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொள்வேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே காட்சியை நாலைந்து தடவை எடுப்பேன். பழைய கெமரா நல்ல கனம். அந்தக் கனமே என் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டது என்பது அது போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் அன்றைக்குக் கடையில் நான் மொதலாளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பழைய மொடலையே வாங்கிக்கொண்டு, மிச்சத்தில் ஒரு சின்ன பிரிண்டர் வாங்கிவிடலாம் என்பதுதான் கணக்கு. விசேஷ வீட்டிலேயே படத்தை அச்சடித்துக் கையில் கொடுத்தால் எத்தனை சந்தோஷப்படுவார்கள் என்று பல நாட்களாக ஆசை. யூடியூபில் பேசுகிற பையன்களும், போட்டோ எடுப்பவர்களுக்குப் பழையதே தாராளம் என்றுதான் சொன்னார்கள். எல்லாரும் ஒன்றையே சொல்லும்போது, எனக்கு மட்டும் வேறு ஒரு காரணம் இருக்கிறது என்பதை மறைப்பது சுலபமாகிவிடுகிறது.

"ஒடனே வாங்க வேணாம் தங்கச்சி," என்றார் மொதலாளி. "கண்ணாடிக்குள்ள வச்சிருக்கிற இந்தப் பழைய மொடல ஒரு வேலைக்கி எடுத்துட்டு போங்க. கைக்கிச் சரிப்பட்டா வாங்குங்க."

பஜாரில் எத்தனை கடைக்காரர் இப்படிச் சொல்வார்கள் என்று தெரியவில்லை. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். கையில் எடுத்தபோது ஒரு வெற்றுப் பெட்டியைத் தூக்குவது போல அவ்வளவு லேசாக இருந்தது. அதை ஒரு நல்ல குணமாகத்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டயகமவில் ஒரு சடங்கு. பிள்ளை வயதுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு லீவு கிடைக்கட்டும் என்று சடங்கைத் தள்ளி வைத்திருந்தார்கள். பிள்ளையை வளர்த்தது தகப்பனும் அவருடைய தங்கச்சியும். தாய் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. புதன்கிழமை திரும்பிப் போக வேண்டும்.

சேலை கட்டுகிற நேரம் உள் காம்பராவுக்குள் என்னை அழைத்தார்கள். லயத்துக் காம்பரா என்றால் பத்தடிக்குப் பத்தடி அறைதான். அதற்குள் பதினைந்து பெண்கள். ஜன்னலை ஒரு துணியால் மூடியிருந்தார்கள். ஒரே ஒரு பல்பும் குத்துவிளக்கும்தான் வெளிச்சம். நான் சாய்ந்துகொள்ளும் கதவு நிலையில் மூன்று பேர் நின்றார்கள். முழங்கையை ஒட்டிக்கொள்ளவும் இடமில்லை, பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே இருந்தார்.

தாய் கடைசி மடிப்பைச் செருகிவிட்டு நிமிர்ந்தார். மகளின் இரண்டு கன்னங்களையும் உள்ளங்கைகளால் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு பார்த்தார். என்னையும் மறந்துவிட்டார், சுற்றி நின்றவர்களையும் மறந்துவிட்டார். அந்த நேரத்தில் நாலு படம் எடுத்தேன். பின்பக்கச் சின்னத் திரையில் பார்த்தபோது நன்றாகத்தான் தெரிந்தது.

பின்நேரம் வீட்டுக்கு வந்து கம்பியூட்டரில் போட்டுப் பார்த்தேன். வெளியில் எடுத்ததெல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த நாலு படமும் கலங்கியிருந்தன. பிள்ளையின் தோடு இரண்டு இரண்டாகத் தெரிந்தது. விளக்குச் சுடர் ஒரு கோடாக இழுபட்டிருந்தது. தாயின் முகத்தில் கண் எங்கே இருக்கிறது என்றே பிடிபடவில்லை. அறை இருட்டு, கெமரா கைக்குப் புதிது, யாரோ தள்ளினார்கள் என்று ஒவ்வொரு காரணமாக எனக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. அது என் கை.

ஆட்டோவைக் கழுவிவிட்டு உள்ளே வந்த கணவர், "என்னா புள்ள, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

திரையைக் காட்டினேன். "மத்ததெல்லாம் நல்லா இருக்குங்க. இந்த நாலையும் அழிச்சிட்டா யாருக்கும் தெரியாது."

அவர் நாலு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அந்தம்மா எப்ப திரும்பிப் போறாங்க?"

"புதன்கெழம."

"அப்ப நாளைக்கி காலையில போயிருவோம். நேர்ல சொல்லிரு."

"என்னான்னு சொல்றது?"

"உள்ளதச் சொல்லு."

மறுநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெரட்டில் பேர் கொடுத்து முடிந்து பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறிவிட்டிருந்தார்கள். அந்த வீட்டில் மட்டும் ஆளிருந்தது. தாயும் நாத்தனாரும் தண்ணீர் விழுகிற பீலியடியில் இரவல் அண்டாக்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், படம் அதற்குள் வந்துவிட்டதா என்று தாய் ஈரக்கையோடு ஓடி வந்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"தங்கச்சி, ஒங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க புள்ள மொகத்தப் புடிச்சிகிட்டு நின்னீங்களே, அந்தப் படம் கலங்கிப் போச்சி. எனக்குக் கை நடுங்கும். நாலு வருஷமா இருக்கு. ஒங்க கிட்ட முன்னுக்கே சொல்லிருக்கணும். சொல்லல. மன்னிச்சிருங்க."

கணவரைத் தவிர வேறொருவரிடம் அந்த வார்த்தைகளை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் திட்டுவார் என்றுதான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் அது நியாயம். அவர், "அந்தப் படத்தக் காட்டுங்கக்கா" என்றார். போனில் போட்டு வந்திருந்ததைக் காட்டினேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கி, நிறைய நேரம் பார்த்தார்.

"குவைத்துக்குப் போன மொத வருஷம் அந்த வீட்டுல நான் ஒடைச்ச கண்ணாடிச் சாமானுக்கு அளவே இல்லக்கா. பயத்துல கை ஒதறும். யாரும் வேணும்னு ஒடைக்கிறதில்ல." போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பி, "சேலைய மடிச்சி வச்சிட்டீங்களா? எடுங்க, புள்ளைக்கி திரும்பக் கட்டுவோம்" என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் ஆட்டோவிலிருந்த கெமராப் பையை எடுக்கப் போனேன்.

பிள்ளைக்கு ஒரே குஷி. "திரும்பவுமா?" என்று கேட்டுக்கொண்டே முகம் கழுவ ஓடியது. வாடகைக்கு எடுத்த நகை செட்டை அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அத்தைக்காரி தன் தோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். மாலைக்குப் பதில் வேலியோரத்தில் நின்ற டேலியாப் பூக்களைப் பறித்துக் கொண்டையில் வைத்தார்கள்.

"உள்ள வேணாம். இஸ்தோப்புல வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார் தாய். வாசல் முன்னால் ஓடுகிற அந்தத் திண்டில் காலை வெளிச்சம் பனிமூட்டத்தினூடாக மெதுவாக இறங்கியிருந்தது. என் கணவர் அவர்களுடைய தையல் மிஷினைத் தூக்கி வந்து எனக்கு முன்னால் வைத்தார். அத்தைக்காரி ஒரு தலையணையைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். நான் முழங்காலில் உட்கார்ந்து, கெமராவைத் தலையணையில் பதித்து, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

"என்னா செய்யணும்க்கா?"

"நேத்து செஞ்ச மாதிரியே செய்யுங்க."

அவர் மகளின் கன்னங்களைப் பிடித்தார். நேற்று வந்தது இன்று கேட்டால் வருமா? இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தார்கள். முதலில் பிள்ளைக்குச் சிரிப்பு வெடித்தது, பிறகு தாய்க்கு. நெற்றியோடு நெற்றி முட்டிக்கொண்டு இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நான் எடுத்துக்கொண்டே இருந்தேன்.

திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஒவ்வொரு கண்ணிமையும் தெரிந்தது. தாய் பார்த்துவிட்டு, "இதுதான்க்கா நல்லா இருக்கு. குவைத்துல கட்டிலுக்குப் பக்கத்துல ஒட்டி வைக்கிறதுக்கு அழுவுற படம் எதுக்கு?" என்றார்.

பிறகு எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது. மற்றவர்களுடைய கோப்பையில் தளும்பத் தளும்ப இருந்தது. என்னுடையதில் மட்டும் பாதி. தாய்தான் அதைக் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும் இன்னொரு பாதி ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் நான் ஊரார் வீட்டில் தேத்தண்ணி குடித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. படத்தை அச்சடித்து அவர் கிளம்புவதற்குள் கொடுத்துவிட வேண்டுமென்று ஹட்டனுக்குப் போனோம். மொதலாளி திரையில் படத்தைப் பார்த்து, நல்லா இருக்கே என்றார். கலங்கிய படத்தையும் காட்டினேன். ஒரு தடவை சொல்லியாயிற்று, இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமில்லை. கையைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் நீட்டிக் காட்டினேன்.

"அட, இத மொதல்லயே சொல்லிருந்தீங்கன்னா பழசு போதும்னு நான் சொல்லிருக்கவே மாட்டேனே தங்கச்சி," என்றார். உடனே புதியதை எடுத்துக் கையில் திணித்திருக்கலாம். அவருக்கு அதில்தானே லாபம்? ஆனால் அவர் உள்ளே போய் ஒரு ஒற்றைக்கால் ஸ்டாண்டைக் கொண்டுவந்தார். "பழசோட இதையும் சேத்து வாங்கினாலும் புதுசுக்குக் கொறைவாத்தான் வரும். ரெண்டையும் பாருங்க."

வெளியே மழை. எதிர்க்கடைப் பெயர்ப்பலகை மங்கலாகத் தெரிந்தது. கடைப் படியில் நின்று மூன்று விதமாகவும் எடுத்துப் பார்த்தேன். பழையதை வெறும் கையில் பிடித்து எடுத்தால் எழுத்துகள் குழம்பின. ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் தெளிவு. புதியதை வெறும் கையில் பிடித்து, என் கை ஆடுவது எனக்கே தெரியத் தெரிய எடுத்தேன். அதிலும் தெளிவு. கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துகளைக்கூட வாசிக்க முடிந்தது.

"கடைப் படியில சரி," என்றேன். "வீட்டுக்குள்ள எப்படியோ."

"வெள்ளிக்கெழம வேல இருக்குன்னீங்களே? புதுசையும் ஸ்டாண்டையும் கொண்டு போங்க" என்றார். அன்று பின்நேரமே டயகமவுக்குப் போய், அச்சடித்த படத்தைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷம். ஸ்டாண்டை ஊன்றியதும் தட்டோடு வந்த ஒரு பெண் அதில் கால் தடுக்கினார். தட்டிலிருந்த பழம் உருண்டது. ஓரமாக நகர்த்தினால் தொட்டில் மறைகிறது, முன்னால் வைத்தால் ஆட்கள் நடக்க வழியில்லை. பத்து நிமிடத்தில் அதை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டேன். மிச்ச நேரம் முழுவதும் புதுக் கெமராவை வெறும் கையில் வைத்துக்கொண்டே எடுத்தேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அசையாமல் இருந்தவர்கள் எல்லாரும் தெளிவாக விழுந்திருந்தார்கள். குழந்தை காலை உதறிய படங்களில் கால் மட்டும் கலங்கியிருந்தது. அந்தக் கெமரா என் ஆட்டத்தைத்தான் பிடிக்கும், பிள்ளைகளின் ஆட்டத்தைப் பிடிக்காது. ஆனால் அந்தக் கலங்கலைப் பார்த்து எனக்கு வருத்தம் வரவில்லை. அது குழந்தையின் சேட்டை, என்னால் வந்ததில்லை. நாலு வருடமாக எந்தப் படம் கலங்கினாலும் அது என் கையாகத்தான் இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தவளுக்கு, அந்தப் பிஞ்சுக் காலைப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

ஆனாலும் பிரிண்டர் ஆசை லேசில் விடவில்லை. புதியதை வாங்கினால் அது இப்போதைக்கு இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"படம் அச்சடிக்க மொதலாளி கட இருக்கு," என்றார். "ஒன் கைக்கி வேற எந்தக் கடைக்கிப் போறது?"

அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. சனிக்கிழமை போய்ப் புதியதை வாங்கினோம். மொதலாளி பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தோளில் மாட்டுகிற பட்டியைத் தானே அளவு பார்த்து இறுக்கிவிட்டார். பட்டியை நன்றாக இழுத்துப் பிடித்தால் கைக்கு இன்னும் தெம்பாக இருக்கும் என்று செய்து காட்டினார்.

இப்போது போனில் வேலை பேசுகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கை கொஞ்சம் நடுங்கும், படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்வேன் என்று. இரண்டு வீட்டார் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மற்ற யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க மாமாவுக்கும் இருக்குங்க" என்று சிலர் சொல்கிறார்கள். விசேஷ வீடுகளில் யாராவது ஒரு நாற்காலியை நகர்த்திக் கொண்டுவந்து போட்டு, "இதுல சாஞ்சிகிட்டு எடுங்க" என்கிறார்கள். மறைத்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த நாற்காலிகள் எல்லாம் எனக்குக் கிடைக்காமலே போயின.

நடுக்கம் கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. இந்தக் கெமரா எத்தனை வருடம் ஈடு கொடுக்கும் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள்ளேயே பனிமூட்டம் வந்துவிட்டது, கரண்டும் இல்லை. மணப்பெண்ணின் தங்கை ஒருத்தி என்னைக் கேட்காமலே பக்கத்தில் வந்து நின்று, தன் தோளைக் காட்டி, "இதுல முழங்கைய வச்சிக்கிங்கக்கா" என்றாள். வைத்துக்கொண்டேன். தாலி கட்டி முடிகிற வரைக்கும் அவள் அசையவில்லை. படங்கள் நன்றாக வந்திருந்தன.